பாதி ஆட்டம் மேசையில் இருந்தது: பழைய கணினி விளையாட்டுகள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஆர்.பி.ஜி. எனப்படும் பழைய பாத்திரமேற்பு விளையாட்டுகளை (ஒரு கற்பனைப் பாத்திரமாக மாறிக் கதைக்குள் புகுந்து ஆடுபவை) பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் பிற கேள்விகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டதால், இம்முறை பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கல்லூரி நாட்களில் ‘பால்டர்ஸ் கேட்’ விளையாட்டில் இரவு பகல் தெரியாமல் மூழ்கிக் கிடந்தவன் நான். இருபது ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, போன மாதம் ஆசையோடு அதை மறுபடியும் கணினியில் நிறுவினேன். அரை மணி நேரத்துக்குள் நான்கு முறை செத்தேன். எதனால் சாகிறேன் என்பதே புரியாமல் மூடி வைத்துவிட்டேன். விளையாட்டு அன்றைக்கே இப்படித்தான் இருந்ததா, அல்லது எனக்குத்தான் வயதாகிவிட்டதா?

பதில்: வயதின் மேல் பழி போடுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: அந்த விளையாட்டின் கையேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டீர்களா? இல்லையென்றால் நீங்கள் நிறுவியது பாதி விளையாட்டைத்தான்.

1998-இல் அந்தப் பெட்டியை வாங்கியவருக்கு ஐந்து குறுந்தகடுகளோடு தடித்த கையேடு ஒன்றும் கிடைத்தது. மந்திரங்களின் விவரம், ஆயுதங்களின் அட்டவணை, இனங்களுக்கும் தொழில்களுக்கும் உரிய விதிகள் எல்லாம் அதில் இருந்தன. நீங்கள் அதைப் படித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவீர்கள் என்ற நம்பிக்கையில் பயோவேர் நிறுவனத்தார் ஆட்டத்தை அமைத்திருந்தார்கள். அதனால் திரையில் எதையும் மெனக்கெட்டு விளக்குவதில்லை. அன்று நீங்கள் விளக்கம் இல்லாமலே சமாளித்ததாக நினைவிருக்கலாம். உண்மையில், வெளியே எங்கோ போய்க்கொண்டிருந்தபோதும் அந்தக் கையேடு உங்கள் பையில் இருந்திருக்கும், அல்லது அதைப் படித்த நண்பர் ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்றிருப்பார்.

ஒரே ஒரு விதியை மட்டும் நினைவுபடுத்துகிறேன். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளையே பால்டர்ஸ் கேட் பின்பற்றுகிறது. அதில் கவச எண் குறையக் குறையக் காப்பு கூடும். ‘தாக்கோ’ என்று ஓர் எண்ணும் உண்டு. கவச எண் பூஜ்யமாக உள்ள எதிரியை அடிக்க, இருபது முகப் பகடையில் உங்களுக்கு எவ்வளவு விழ வேண்டும் என்பதை அது காட்டுகிறது. முதல் நிலையில் இருக்கும் போர்வீரனுக்குத் தாக்கோ 20. எதிரே நிற்பவனின் கவச எண் 5 என்றால் இருபதில் ஐந்தைக் கழித்துக்கொள்ளுங்கள். பகடையில் 15 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் அடி படும். ஆகவே பத்து வீச்சில் ஏழு காற்றைத்தான் வெட்டும். இந்தக் கணக்குத் தெரியாதவருக்கு, தன் வீரன் ஏன் குருடனைப் போல வாளைச் சுழற்றுகிறான் என்று எரிச்சல் வருவது இயற்கை. தெரிந்தவரோ அந்தச் சண்டையையே தொடங்க மாட்டார். ஆளுக்கொரு வில்லைக் கொடுத்துத் தூரத்திலிருந்தே முடித்துவிடப் பார்ப்பார்.

நீங்கள் செத்த நான்கு முறையில் ஒரு முறையாவது ஃபிரெண்ட்லி ஆர்ம் விடுதியின் படிக்கட்டில்தான் நடந்திருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். பேச வருபவனைப் போல நெருங்கி வந்து, தன்னைப் போலப் பல பிம்பங்களை உண்டாக்கிக்கொண்டு, உங்கள் குழுவைக் கிலி பிடித்து ஓடவிடும் அந்தக் கூலிக் கொலைகாரனிடம் எத்தனையோ பேர் மடிந்திருக்கிறார்கள். முதல் நிலை மந்திரவாதி ஒருவரைக் கதாநாயகராக வைத்துக்கொண்டு வந்திருந்தால் அவருக்கு உயிர்ப்புள்ளிகள் நான்குக்கு மேல் தேறுவதே அரிது. ஒரே ஒரு மந்திரத்தைச் சொல்லிவிட்டால் எட்டு மணி நேரம் படுத்துறங்கி எழுந்தால்தான் அடுத்தது. இதைக் கொடுமை என்று சொல்லலாம், நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு மந்திரமாக உறக்க மந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, சரியான நொடியில் ஆட்டத்தை நிறுத்திவைத்து அதை ஏவியபோது, ஓர் அறை முழுக்க நின்ற எதிரிகள் சரிந்து விழுந்த காட்சிதான் இருபது ஆண்டுகளாக உங்கள் மனத்தில் தங்கியிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

எனவே இன்னொரு முறை முயன்று பாருங்கள். மின்வடிவக் கையேட்டை முதலில் ஒரு மாலை முழுவதும் ஆற அமரப் படியுங்கள். ஆட்டத்தை மறுநாள் தொடங்கினால் போதும்.

கேள்வி: இந்த வகையில் முதன்முதலாக வந்த விளையாட்டு எது?

பதில்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் அதன் ஆசிரியர்கள். அடுத்த ஆண்டே ‘பிளேட்டோ’ என்ற கல்விக் கணினி வலையமைப்பில் மாணவர்கள் அதைப் பார்த்து எழுதிய நிலவறை ஆட்டங்கள் ஓடத் தொடங்கிவிட்டன. பாடம் நடத்த வைத்திருந்த கணினியில் ஆட்டமா என்று நிர்வாகிகள் சில கோப்புகளை அழிப்பதும், மாணவர்கள் மறுபடி எழுதுவதுமாக இருந்த காலம் அது. வீட்டுக் கணினிக்கு வந்தவற்றில் 1981-ஆம் ஆண்டைத்தான் எல்லோரும் தொடக்கமாகச் சொல்வார்கள்: ரிச்சர்ட் கேரியட் எழுதிய ‘அல்டிமா’, ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் இருவரும் எழுதிய ‘விசார்ட்ரி’ ஆகிய இரண்டும் அந்த ஆண்டில் வந்தவை.

கேள்வி: பழைய நிலவறை விளையாட்டுகளை ஆடும்போது இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களைப் பார்த்துக்கொள்வது ஏமாற்று வேலையா? கையால் வரைந்துதான் ஆட வேண்டும் என்று என் நண்பர் பிடிவாதம் பிடிக்கிறார்.

பதில்: ஒற்றை ஆளாக ஆடும் ஆட்டத்தில் யாரை ஏமாற்றுவது? பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நண்பரின் பிடிவாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

வீடு மாறும்போது என் பழைய பெட்டி ஒன்றிலிருந்து கட்டம் போட்ட நோட்டு ஒன்று கிடைத்தது. அதில் விசார்ட்ரியின் நிலவறைகளைப் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தளமும் இருபதுக்கு இருபது கட்டம். இப்படிப் பத்துத் தளங்கள். முதல் தளத்தின் படம் ஒழுங்காக இருக்கிறது. கீழே போகப் போக ஒரு பக்கத்தில் காகிதம் நைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு ரப்பரால் தேய்த்திருக்கிறேன். காரணம், அந்தத் தளத்தின் ஒரு கட்டத்தில் ‘சுழற்றி’ ஒன்று இருந்தது. அதில் கால் வைத்தவுடன் உங்கள் முகத்தை வேறொரு திசைக்குத் திருப்பிவிடும், திருப்பியதைச் சொல்லாது. சுவர்களெல்லாம் ஒரே மாதிரிக் கோடுகள்தான் என்பதால், வடக்கே போகிறோம் என்று நினைத்துக் கிழக்கே போய்க்கொண்டிருப்போம். ஏழெட்டுக் கட்டம் வரைந்தபின், இருக்கவே முடியாத இடத்தில் ஒரு கதவு வந்து நிற்கும்போதுதான் விபரீதம் உறைக்கும். அந்தக் கட்டத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில், “இங்கே யாரோ திருப்பிவிடுகிறார்கள்” என்று எழுதியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த மாலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதே ஆட்டத்தில் எந்த அரக்கனைக் கொன்றேன் என்பது ஒன்றுகூட நினைவில்லை.

இடம் தெரியாமல் போனால் அறிவதற்கு ‘டுமாபிக்’ என்று ஒரு மந்திரம் உண்டு. நுழைவாயிலிலிருந்து எத்தனை கட்டம் கிழக்கே, எத்தனை கட்டம் வடக்கே, எந்தத் திசை பார்த்து நிற்கிறோம் என்று சொல்லிவிடும். ஆனால் முதல் நிலை மந்திரங்களுக்கு உள்ள அதே கையிருப்பிலிருந்துதான் அதற்கும் எடுக்க வேண்டும். எதிரிகளைத் தூங்கவைக்கும் ‘கட்டினோ’வுக்கு ஒன்றைச் சேர்த்து வைப்பதா, இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வதில் செலவழிப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். அந்தக் காலத்து ஆப்பிள் கணினியில் மந்திரத்தின் பெயரை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்யவும் வேண்டும்; பெயர்கள் கையேட்டில் இருந்தன. பிற்காலத்தில் ‘மாலோர்’ என்ற இடம்பெயர் மந்திரம் கிடைக்கும்போது, உங்கள் வரைபடத்தில் ஒரு கட்டம் தவறினாலும் பாறைக்குள் போய் மாட்டிக்கொண்டு மொத்தக் குழுவும் அழியும். அத்தனை மணி நேர உழைப்பின் தலையெழுத்து உங்கள் பென்சில் முனையில் இருந்தது என்று சொல்வது மிகையாகாது. ஆயத்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடினால் சண்டைகள் மட்டும் மிஞ்சும். விசார்ட்ரியின் சண்டைகள் மட்டும் என்றால், உண்மையைச் சொல்லப்போனால், சலிப்புத்தான்.

எல்லா விளையாட்டுக்கும் இது பொருந்தாது. 1992-இல் வந்த ‘அல்டிமா அண்டர்வேர்ல்ட்’ நடந்த வழியைத் தானே வரைந்துகொண்டது. நாம் அதன்மேல் குறிப்பு எழுதினால் போதும். 2012-இல் பழைய பாணியிலேயே வெளியான ‘லெஜெண்ட் ஆஃப் கிரிம்ராக்’ தானியங்கி வரைபடத்தை வேண்டாமென்று அணைத்துவிடும் வசதியோடு வந்தது. உங்கள் நண்பரைப் போன்ற பிடிவாதக்காரர்கள் அதற்கும் இருந்திருக்கிறார்கள்.

என் யோசனை: முதல் தளத்தை மட்டும் கையால் வரையுங்கள். பிடித்திருந்தால் தொடருங்கள், பிடிக்காவிட்டால் இணையப் படத்துக்குப் போங்கள்.

கேள்வி: என்னிடம் பழைய குறுந்தகடுகளும் சில நெகிழ்வட்டுகளும் இருக்கின்றன. புதிய கணினியில் எதுவும் ஓடவில்லை. ஒன்றிரண்டு ஓடினாலும் மனிதர்கள் குட்டையாகத் தெரிகிறார்கள், வேகமும் தாறுமாறாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அவற்றில் இருப்பதைப் படி எடுத்துப் பாதுகாத்துவிடுங்கள்; காந்த வட்டுகளும் குறுந்தகடுகளும் காலத்தால் கெடுபவை. பிறகு எந்தக் காலத்து விளையாட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்தவை என்றால், அந்தப் பழைய சூழலைப் புதிய கணினியில் போலச் செய்து காட்டும் ‘டாஸ்பாக்ஸ்’ நிரல் போதும்; 2002 முதல் அது இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் காலத்தவற்றை அதில் ஓட்ட முயன்று பலர் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்; அது அதற்கான கருவி இல்லை.

குட்டையாகத் தெரிவதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. அன்றைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை கிடைமட்டத்தில் 320, செங்குத்தில் 200 புள்ளிகளில் வரையப்பட்டவை. ஆனால் அன்றைய குழாய்த் திரை நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் இருந்ததால், அந்த 200 வரிகளையும் 240 வரிகளின் உயரத்துக்கு இழுத்துக் காட்டியது. ஓவியர்கள் அந்த இழுப்பைக் கணக்கில் வைத்துத்தான் முகங்களை வரைந்தார்கள். இன்றைய திரையில் ஒவ்வொரு புள்ளியும் சதுரம் என்பதால் இழுப்பு இல்லாமல் முகம் அமுங்கிவிடுகிறது. டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்ற வரியை ‘ட்ரூ’ என்று மாற்றினால் மனிதர்கள் பழைய உயரத்துக்கு வளர்ந்துவிடுவார்கள். அகலத்தை ஐந்து மடங்கும் உயரத்தை ஆறு மடங்கும் பெருக்கினால் 1600-க்கு 1200 என்று துல்லியமாக வரும்; அந்த அளவு உங்கள் திரையில் அடங்குமானால் ஒரு புள்ளிகூடப் பிசிறில்லாமல் தெரியும்.

வேகத்துக்கும் இதே போன்ற கதைதான். அந்நாளைய நிரல்களில் பல, கணினி எவ்வளவு விரைவோ அவ்வளவு விரைவில் ஓடும்படி எழுதப்பட்டவை. நேரத்தைப் பார்த்து நிதானித்துக்கொள்ளத் தெரியாதவை. 1997-இல் வந்த ‘ஃபால்அவுட்’ போன்ற ஆட்டத்திலேயே, உலக வரைபடத்தில் நடக்கும் வேகம் கணினியைப் பொறுத்து மாறியது. டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல் விசையோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். காது கேட்கும் இசையும் கண் பார்க்கும் நடையும் ஒத்துப்போகும் வரை அழுத்திப் பாருங்கள்.

சிலவற்றுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. ரசிகர்கள் விளையாட்டின் இயந்திரத்தையே, அதாவது அதை ஓட்டும் அடிப்படை நிரலையே, புதிதாக எழுதிவிட்டார்கள். கதையும் படமும் உங்கள் பழைய வட்டிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும். அல்டிமாவின் ஏழாம் பாகத்துக்கு ‘எக்ஸல்ட்’, பால்டர்ஸ் கேட் குடும்பத்துக்கு ‘ஜெம்ஆர்பி’, ‘மாரோவிண்ட்’ ஆட்டத்துக்கு ‘ஓப்பன்எம்டபிள்யூ’, 1996-இன் ‘டேகர்ஃபால்’ ஆட்டத்துக்கு ‘டேகர்ஃபால் யூனிட்டி’ என்று பட்டியல் நீள்கிறது. இந்த ரசிகர் படைகளின் பொறுமையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு, 2008-இல் சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் தொடங்கிய ‘ஜிஓஜி’ கடையில் பெரும்பாலானவை புதிய கணினியில் ஓடும்படி தயார் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. வாங்கும்போது கூடவே வரும் கையேடு, வரைபடம் போன்ற கோப்புகளையும் மறக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் கோட்டை விட்டது அங்கேதான் என்று சந்தேகிக்கிறேன்.

கேள்வி: ‘வேஸ்ட்லேண்ட்’ விளையாட்டோடு வந்த பத்திகள் புத்தகத்தில் செவ்வாய்க் கிரகம் பற்றி ஒரு கதை படித்தேன். எத்தனை முறை ஆடியும் அந்த இடம் வரவே இல்லை. எதைத் தவறவிட்டேன்?

பதில்: எதையும் தவறவிடவில்லை. அந்தக் கதை விளையாட்டில் கிடையாது!

1988-இல் நெகிழ்வட்டில் இடம் குறைவு. ஆகவே நீண்ட வருணனைகளையும் உரையாடல்களையும் தனிப் புத்தகமாக அச்சிட்டு, “இத்தனையாம் பத்தியைப் படியுங்கள்” என்று திரையில் எண்ணை மட்டும் காட்டினார்கள். விளையாட்டை நகலெடுத்தவரிடம் புத்தகம் இருக்காது என்பது அவர்களுக்குக் கூடுதல் லாபம். எண் வரும்வரை காத்திராமல் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டுகிற அவசரக்காரர்களுக்காகப் பொய்ப் பத்திகளையும் கலந்து வைத்தார்கள். செவ்வாய்க் கதை அந்த வகை. அதே ஆண்டு வந்த ‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’ ஆட்டத்தின் நாட்குறிப்பிலும் பொய்யான தகவல்கள் கலந்திருந்தன. அத்தனை ஆண்டுகள் நீங்கள் அந்தக் கிரகத்தைத் தேடியிருக்கிறீர்கள் என்று அறிந்தால் அதை எழுதியவர்கள் மகிழ்ந்துபோவார்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆட்டத்தை இரண்டு முறை முடித்துவிட்டாள். “உங்கள் காலத்து ஆட்டம் ஒன்றைக் காட்டுங்கள்” என்கிறாள். எதைக் கொடுப்பது?

பதில்: முதல் பால்டர்ஸ் கேட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பெயர் ஒன்று என்பதால் எல்லோரும் செய்யும் தவறு அது. 2023-இல் லாரியன் நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பாகம் ஐந்தாம் பதிப்பு விதிகளில் ஓடுகிறது. அங்கே கவச எண் கூடினால் நல்லது, பகடையும் கண்ணெதிரே உருண்டு விழுகிறது. அங்கிருந்து வருபவருக்குத் தாக்கோவை விளக்கப் புகுந்தால் அன்றைய மாலை அதிலேயே கழிந்துவிடும்.

ஃபால்அவுட் முதல் பாகத்தைக் கொடுங்கள். அளவில் சிறியது. நிலத்தடிக் காப்பகம் ஒன்றின் நீர்ச் சில்லு பழுதாகிவிட்டது, 150 நாட்களுக்குள் வேறொன்றைத் தேடிக் கொண்டுவர வேண்டும் என்று தொடக்கத்திலேயே காரியம் தெளிவாகிவிடுகிறது. அதன்பின் எங்கே போவது என்பது அவள் பாடு. தன் முடிவுகளுக்கு ஆட்டம் மதிப்புக் கொடுக்கிறது என்பதுதான் பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகத்தில் அவளைக் கவர்ந்ததென்றால், அதன் வேர் இங்கே இருப்பதைத் தானே கண்டுகொள்வாள். முதல் முறை முடித்தபின், அறிவுத்திறன் எண்ணை மிகக் குறைவாக வைத்து ஒரு பாத்திரத்தைப் படைத்து மறுபடி ஆடச் சொல்லுங்கள். அந்தப் பாத்திரத்துக்குக் கோர்வையாகப் பேசவே வராது, முக்கலும் முனகலும்தான் பதில் வரிகளாகக் கிடைக்கும், ஊராரும் அதற்கேற்பவே நடந்துகொள்வார்கள். ஓர் எச்சரிக்கை: இயன் என்ற கூட்டாளியிடம் தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு அவனுக்கு முன்னால் நிற்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். அதில் முதுகில் சுடப்படாதவர் எவரையும் நான் கண்டதில்லை.

படிப்பதில் அவளுக்கு ஆர்வம் உண்டென்றால், அடுத்ததாக 1999-இன் ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’. ஏறக்குறைய எட்டு லட்சம் சொற்கள் கொண்ட ஆட்டம் அது. அதில் வாளைவிட அறிவுக்கும் விவேகத்துக்கும் புள்ளிகளை ஒதுக்குவதே லாபம். சண்டைகள் சுமார்தான், அவற்றைப் பொறுத்துக்கொண்டு கடந்துவிடலாம்.

கேள்வி: ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் சேமித்துவைத்து, தோற்றால் மறுபடி ஏற்றிக்கொள்கிறேன். இது சரியா?

பதில்: நானும் அதைத்தான் செய்கிறேன். இயன்றவரை குறைவாகச் செய்ய ஆசை, இயல்வதில்லை.

கேள்வி: மூலத்தை ஆடுவதா, மெருகேற்றிய மறுபதிப்பை ஆடுவதா? மறுபதிப்புகள் நம் நினைவைச் சுரண்டிப் பணம் பண்ணும் தந்திரம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்.

பதில்: பணம் பண்ணத்தான் வெளியிடுகிறார்கள், மூலமும் அதற்காகத்தான் வெளியானது. நான் வேறொரு கோணத்தில் பார்க்கிறேன். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. அந்த நிலையில் ஏதோ ஒரு வடிவத்தில் கிடைப்பதே பெரிது. ‘ஐஸ்விண்ட் டேல்’ முதல் பாகத்துக்கு மறுபதிப்பு வந்தது. இரண்டாம் பாகத்துக்கு வரவில்லை. அதன் மூல நிரலைத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று மறுபதிப்பாளர்களான பீம்டாக் நிறுவனத்தார் கைவிரித்துவிட்டார்கள். ஒரு வணிக நிறுவனம் தன் சொந்தப் படைப்பின் மூலப்படியைத் தொலைக்கும் அளவுக்குத்தான் இந்தத் துறையின் ஞாபகசக்தி இருக்கிறது.

மறுபதிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு டிஜிட்டல் எக்லிப்ஸ் நிறுவனம் 2024-இல் முழுமையாக வெளியிட்ட விசார்ட்ரியைக் காட்டுவேன். மேலே புதிய முப்பரிமாணக் காட்சிகள். அடியிலே 1981-ஆம் ஆண்டின் ஆப்பிள் நிரல்தான் ஓடுகிறது. விரும்பினால் திரையின் மூலையில் அந்தப் பழைய கோட்டுச் சித்திரத்தையும் பார்த்துக்கொண்டே ஆடலாம். நான் முதலில் புதிய காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் கண் தானாக மூலைக்குப் போய்விட்டது. சுவரில் பாசியும் பந்த வெளிச்சமும் வரைந்து காட்டப்பட்டபின் அந்த நிலவறை எனக்குச் சின்னதாகத் தெரிந்தது. வெறும் வெள்ளைக் கோடுகளாக இருந்தபோது மிச்சத்தை நான்தான் வரைந்துகொண்டிருந்தேன் போலும்.

பால்டர்ஸ் கேட்டைப் பொறுத்தவரை, முதல் முறை ஆடுபவருக்கு 2012-இன் மேம்பட்ட பதிப்பே போதுமானது. பழைய ரசிகர்களுக்கு அதில் புதிதாகச் சேர்க்கப்பட்ட கூட்டாளிகள் ஒட்டாமல் துருத்திக்கொண்டு தெரியலாம்; அவர்களைக் குழுவில் சேர்க்காமல் விட்டுவிட்டால் தொல்லை இல்லை.

கேள்வி: விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்வது தவறா?

பதில்: விற்பனையை நிறுத்திவிட்டதால் உரிமை காலாவதியாவதில்லை, சட்டப்படி அது இன்னும் யாரோ ஒருவருடையது. கைவிடப்பட்ட மென்பொருள் என்ற பெயர் ரசிகர்கள் வைத்தது, சட்டம் வைத்ததன்று. உரிமையாளர்களே இலவசமாகத் தந்தவை இருக்கின்றன: ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையின் முதல் இரண்டான ‘அரீனா’வும் டேகர்ஃபாலும், அல்டிமா நான்காம் பாகமும் அப்படிப்பட்டவை. நான்காம் பாகத்தை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். 1985-இல் வந்த அந்த ஆட்டத்தில் கொல்வதற்கு ஒரு பெரிய வில்லனே கிடையாது. வாய்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டு அறங்களில் தேறுவதுதான் காரியம். மூலிகை விற்கும் மூதாட்டி ஒருத்திக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு போடுகிறீர்கள் என்பதை நீங்களேதான் தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துப் போட்டால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். வெகுநேரம் கழித்து வாய்மையில் தேற முடியாமல் திண்டாடும்போதுதான் அந்தக் காசு நினைவுக்கு வரும்.

கேள்வி: அல்டிமா ஏழாம் பாகத்தைப் பள்ளி நாட்களில் மாதக்கணக்கில் ஆடினேன், ஆனால் முடிக்கவே இல்லை. ரொட்டி சுட்டுக்கொண்டே காலத்தைக் கழித்துவிட்டேன். இப்போது எடுத்து முடித்துவிட வேண்டும் என்று ஓர் உறுத்தல். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ரொட்டி சுட்டவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்லர் என்று முதலில் ஆறுதல் சொல்லிவிடுகிறேன். மாவு மூட்டையைத் திறந்து மேசைமேல் கொட்டி, வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, அடுப்பிலே வைத்து எடுத்தால் உண்ணத்தக்க ரொட்டி கிடைக்கும். கதையை நகர்த்துவதற்கு இதில் எதுவும் தேவையில்லை. 1992-இல் அதைச் செய்ய அனுமதித்தார்கள் என்பதே வியப்பாக இருந்தது. ஊர்மக்கள் காலையில் கடை திறந்து, நண்பகலில் உண்டு, இரவில் விளக்கணைத்துப் படுக்கப் போனார்கள்; நாம் கதைப்படி தேட வேண்டிய கொலையாளியை விட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தோம்.

புதிதாகவே தொடங்குங்கள், பழைய சேமிப்புக் கோப்பு கிடைத்தாலும் அதில் யார் என்ன சொன்னார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்காது. விளையாட்டும் அதை நினைவில் வைத்துக்கொண்டு உங்களுக்குச் சொல்லாது; பணிகளின் பட்டியல் என்ற ஒன்றே அதில் இல்லை. பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, ஊர் பெயரைத் தலைப்பாகப் போட்டு, அங்கே பேசியவர்களின் பெயரையும் அவர்கள் சொன்ன புதிய பெயர்களையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஓர் ஊருக்கு ஒரு பக்கம் போதும். பெட்டியில் வந்த துணி வரைபடம் இன்னும் உங்களிடம் இருக்குமானால் அதை மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அதன் படத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரின்சிக் நகரத்துக் கொட்டிலில் நடந்த கொலையை விசாரித்துவிட்டு வெளியேற நினைக்கும்போது, அந்த ஊர்த் தலைவர் வரைபடத்தையும் கையேட்டையும் பார்த்தால்தான் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்பார். பதில் சொல்லாதவர்களுக்கு நகரத்தின் கதவு திறப்பதில்லை.

வெளியே வந்ததும் நேராகப் பிரிட்டன் நகரத்துக்குப் போங்கள். அங்கேயும் ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது, ஆள் வேண்டும் என்று கடைக்காரர் கேட்பார், சுட்டுக் கொடுத்தால் கூலியும் உண்டு. நீங்கள் மறுக்கப்போவதில்லை என்று தெரியும். ஒரு மாலைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.